வாய் ‘ரைட்’ என்றது, விரல் கணக்குச் சொன்னது

அவர் பஸ் கண்டக்டராக 30 வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று நான்கு வருடம், பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். வலது கை மடியில் கிடந்தது. பெயரைக் கேட்டேன். “ரைட்” என்றார். எந்த ஊர்? “ரைட், ரைட்.” சாப்பிட்டீர்களா? கொஞ்சம் எரிச்சலோடு, “ரைட்!”

மகன் கையில் ஒரு ஃபைல் இருந்தது. வீட்டுப் பத்திரம் சம்பந்தமான ஏதோ வேலை பாதியில் நிற்கிறதாம். அப்பாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. “எதைக் கேட்டாலும் இதே பதில்தான் சார். ஒன்றும் புரிவதில்லை.” அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் காதில் விழும்படியே இதைச் சொன்னார். அப்பா முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அந்த ஒரு திருப்பலே போதுமாக இருந்தது. ஆனால் அறிக்கையில் அப்படி எழுத முடியாது.

மேசை இழுப்பறையில் சில்லறை வைத்திருப்பேன். பரப்பினேன். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டி, “13 ரூபாய் டிக்கெட் இரண்டு கொடுங்கள், மீதி எவ்வளவு?” என்றேன். அவர் தாளை இடது கையால் வாங்கி விரலிடுக்கில் செருகிக்கொண்டார். சில்லறையைத் தொடவில்லை. என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டி, உள்ளங்கையை நீட்டினார். எனக்கு விளங்கவில்லை. பின்னால் நின்ற அவர் மனைவி சிரித்துவிட்டார். “ஒரு ரூபாய் சில்லறை கேட்கிறார். கொடுத்தால் 25 ரூபாயாகத் தருவார்.”

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் வழியை நானே சொல்லிக்கொண்டு போனேன். திருமங்கலம், விருதுநகர், கோவில்பட்டி, சாத்தூர் என்றதும் கையை ஆட்டி நிறுத்தினார். சாத்தூர் முந்தி வர வேண்டும். “ரைட், ரைட்” என்று அதட்டினார். அந்த ‘ரைட்’டுக்கு ‘தப்பு’ என்று பொருள்.

என் துறைக்கு நரம்பியல் உளவியல் என்று பெயர். மூளையில் எந்த இடம் பழுதானால் மனத்தின் எந்த வேலை நின்றுபோகிறது, எது மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. மிஞ்சியிருப்பதைத் தேடுவது அதில் பாதி. இந்தத் துறை தொடங்கியதே ஏறக்குறைய இப்படி ஒருவர் காட்டிய விரல்களிலிருந்துதான் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனால் பொய்யில்லை.

1861 ஏப்ரல். பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம், காலில் புரையோடிய ஒரு நோயாளியை அனுப்பினார்கள். பெயர் லெபோர்ன், வயது 51. சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. முப்பது வயதில் பேச்சுப் போய்விட்டது. எதைக் கேட்டாலும் “டான், டான்” என்பார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு அதுவே பெயர். தான் சொல்வது எதிராளிக்குப் புரியவில்லை என்றால் கோபத்தில் கடவுள் பெயரை இழுத்து ஒரு வசவு வரும். அது மட்டும் தெளிவாக வரும். கூட இருந்த நோயாளிகளுக்கு அவரைப் பிடிக்காது. சுயநலக்காரர், வன்மம் வைப்பவர் என்றார்கள், திருட்டுப் பட்டமும் கட்டினார்கள்.

புரோக்கா அவரிடம், இங்கே வந்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டார். லெபோர்ன் ஐந்து விரல்களையும் விரித்து நான்கு முறை காட்டினார், பிறகு ஒற்றை விரல். இருபத்தொன்று. கணக்குச் சரி. மறுநாளும் கேட்டார், அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது, இந்த ஆள் தன்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்பது லெபோர்னுக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த வசவு வெடித்து வந்தது.

நான் புரோக்காவின் குறிப்பில் மிகவும் ரசிப்பது இந்தக் கோபத்தைத்தான். ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டால் கோபம் வருகிற மனிதருக்குப் புத்தி போய்விட்டது என்று யார் சொல்ல முடியும்?

ஏப்ரல் 17-ஆம் தேதி லெபோர்ன் இறந்தார். மறுநாளே புரோக்கா அவருடைய மூளையைப் பாரிஸ் மானுடவியல் சங்கத்தில் வைத்துக் காட்டினார். இடப்பக்க முன்மடலில், அதாவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில், பழுது. அதே ஆண்டு லெலோங் என்ற 84 வயது முதியவர் வந்தார். அவரிடம் மிஞ்சியவை ஐந்தே சொற்கள். எந்த எண்ணைச் சொல்ல வேண்டுமானாலும் வாயில் ‘மூன்று’தான் வரும், அதுவும் மழலையாக. ஆனால் விரல்கள் சரியான எண்ணைக் காட்டும். வாய் ஒன்று சொல்ல, கை அதைத் திருத்தியது. இவருக்கும் பழுது ஏறக்குறைய அதே இடத்தில். இப்படிப் பல நோயாளிகளைப் பார்த்த பிறகு 1865-இல், நாம் பேசுவது மூளையின் இடது பாதியைக் கொண்டு என்று புரோக்கா எழுதினார். இதே முடிவை பிரெஞ்சு மருத்துவர் மார்க் டாக்ஸ் 1836-லேயே எழுதிவைத்திருந்தார் என்று அவர் மகன் வாதாடியது தனிக் கதை.

இது புரோக்காவின் தலையில் திடீரென்று உதித்த ஞானம் அல்ல. வியன்னாவில் ஃபிரான்ஸ் கால் என்றொரு மருத்துவர் இருந்தார். பள்ளியில் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பையன்களுக்கெல்லாம் கண் பிதுங்கியிருந்ததைக் கவனித்தாராம். அப்படியானால் சொல்லாற்றல் கண்ணுக்குப் பின்னால், மூளையின் முன்பக்கம் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அதோடு விட்டாரா? மூளையை 27 ஆற்றல்களாகப் பங்கு போட்டு, மண்டை ஓட்டின் மேடு பள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லலாம் என்றார். கைரேகை ஜோசியத்தைத் தலைக்கு ஏற்றிய கதை. ஆனால் ‘வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு இடம்’ என்ற விதை அதில்தான் இருந்தது. அவரைப் பின்பற்றிய பிரெஞ்சு மருத்துவர் பூயோ, முன்மடல்கள் சிதைந்தும் பேச்சுக் கெடாத ஒரு நோயாளியைக் காட்டுபவருக்கு 500 பிராங்க் தருவதாகப் பந்தயமே கட்டினார். அந்தச் சண்டையின் உச்சத்தில்தான் லெபோர்ன் வந்து சேர்ந்தார். புரோக்காவையும் நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. மண்டை ஓடுகளை அளந்து மனித இனங்களைத் தரம் பிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

லெபோர்னின் மூளையை வெட்டாமல் முழுதாகப் பாதுகாத்துவைத்தது மட்டும் பெரிய உபகாரம். 2007-இல் லெபோர்ன், லெலோங் இருவர் மூளைகளையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பழுது புரோக்கா மேலாகப் பார்த்ததைவிட வெகு ஆழத்துக்குப் போயிருந்தது. ஆகவே, ‘பேச்சுக்கு ஒரே ஒரு புள்ளி’ என்று பாடப்புத்தகப் படத்தைக் காட்டி யாராவது விளக்கினால் பாதிதான் நம்புங்கள்.

இன்னும் பின்னால் போனால், எகிப்தில் 1862-இல் எட்வின் ஸ்மித் என்பவர் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருள் ஒன்று இருக்கிறது. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்டது, அதற்கும் மூத்த ஏட்டின் படி. காயம்பட்ட 48 பேரைப் பற்றிய குறிப்புகள் அதில் உண்டு. மூளைக்கென்று ஒரு சொல் முதன்முதலாகக் கிடைப்பதும் அதில்தான். இருபதாவது ஆளுக்குப் பொட்டில் அடிபட்டு எலும்பு துளைபட்டிருக்கிறது. என்ன செய்கிறது என்று கேட்டால் பேசுவதில்லை. கண்ணீர் மட்டும் கொட்டுகிறது, குழந்தையைப் போலப் புறங்கையால் துடைத்துக்கொள்கிறான். தான் துடைப்பது அவனுக்கே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கவனித்து எழுதியவரை வணங்குகிறேன். ஆனால் அந்தக் கடைசி வரி என்னை உறுத்துகிறது. பேச முடியாதவனுக்குத் தெரியவில்லை என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது?

அதே எகிப்தில் பிணத்தைப் பதப்படுத்தும்போது இதயத்தை உள்ளேயே விட்டுவிட்டு, மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு எடுத்து எறிந்தார்கள். அரிஸ்டாட்டிலுக்கும் அறிவு இதயத்தில்தான், மூளை ரத்தத்தைக் குளிரவைக்கும் உறுப்பு. பழைய ரோமில் மருத்துவராக இருந்த கேலன் இதை மறுத்து, ஊரார் முன்னிலையில் உயிருள்ள பன்றியின் குரல்வளைக்குப் போகும் நரம்பை அறுத்துக் காட்டினார். கத்திக்கொண்டிருந்த பன்றி சட்டென்று ஊமையானது. குரல் நெஞ்சிலிருந்து வரவில்லை, மூளையின் கட்டளையால் வருகிறது என்பதற்கு அது சாட்சி. கொடூரமான சாட்சி. இத்தனைக்குப் பிறகும், ‘மனசு’ என்று சொல்லும்போது என் கை மார்புக்குத்தான் போகிறது. பழக்கம்.

கண்டக்டர் கதைக்கு வருகிறேன். ஏன் ‘ரைட்’ மட்டும் மிஞ்சியது? லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற நரம்பியல் மருத்துவர் இதைப் பற்றி நிறைய யோசித்தார். யோசித்துக் கோர்த்துச் சொல்லும் பேச்சு வேறு, தன்னால் வாயில் வரும் பேச்சு வேறு என்றார். வசவு, வணக்கம், ‘ஐயோ’ இதெல்லாம் இரண்டாம் வகை. முதலாவது அழிந்தாலும் இரண்டாவது நிற்கும். அவர் பார்த்த ரயில்வே சிக்னல்காரர் ஒருவருக்கு ‘என்னிடம் வா’ என்பது மட்டும் மிஞ்சியது. பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த குமாஸ்தா ஒருவருக்கு ‘பட்டியல் முடிந்தது’ மட்டும். நோய் தாக்கிய கணத்தில் நாக்கில் இருந்த சொல் அப்படியே உறைந்துவிட்டது என்பது ஜாக்சனின் ஊகம். கண்டக்டருக்கு அது பொருந்தவில்லை, அவர் அப்போது வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தார். 30 வருடம் தினமும் நூற்றுக்கணக்கான தடவை சொன்ன சொல் வேறு எங்கே போகும் என்பது என் எண்ணம்.

இது புரியாததால் வீடுகளில் பெரிய அநியாயம் நடக்கிறது. பேச்சுப் போனவர் முருகன் பாட்டை ஒரு பிசிறு இல்லாமல் பாடுவார், ஒன்று இரண்டு மூன்று சொல்வார். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. “பாட வருகிறது, பேச மட்டும் வராதா? எல்லாம் நடிப்பு” என்று மருமகள் ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். நடிப்பு இல்லை அம்மா. பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களைப் பாடியதை சுவீடனில் 1745-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்கு ஏறும் பயிற்சியே இன்று உண்டு.

இதற்கு நேர் எதிரான வகையும் இருக்கிறது. பேச்சு தடையில்லாமல் கொட்டும், பொருள் இருக்காது, இல்லாத சொற்களெல்லாம் வரும், நாம் சொல்வதும் அவருக்குச் சரியாக எட்டாது. 1874-இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே தன் 26 வயதில் விவரித்தது. அதில் மூளையின் பழுது இன்னும் பின்னால், காதை ஒட்டிய பகுதியில். கை கால் நன்றாக இருப்பதால் இவர்களைப் பக்கவாத நோயாளி என்றே யாரும் நினைப்பதில்லை. ஒரு பெண்ணை என்னிடம் கொண்டுவந்தபோது அவர் கையில் மூன்று கோயில்களின் கயிறு இருந்தது. ராத்திரி படுத்தவர் காலையில் உளறியபடி எழுந்தாராம், பேய் என்று முடிவுசெய்துவிட்டார்கள். ஸ்கேன் எடுக்க எட்டு நாள் ஆகியிருந்தது.

எட்டு நாள் என்பது மிக மிகத் தாமதம். திடீரென்று பேச்சுக் குழறினால், சொல் வராவிட்டால், சம்பந்தமில்லாமல் பேசினால், வாய் கோணினால், கை தொங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். புறா ரத்தம் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும்.

நானும் யோக்கியன் இல்லை. பயிற்சிக் காலத்தில் பேச்சிழந்த ஒரு பெரியவரின் சோதனைத் தாளில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி மடித்து வைத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போயிருக்கிறேன். கேள்வியைத்தான் மாற்றியிருக்க வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்காமல், காபியா மோரா என்று இரண்டு தம்ளரையும் காட்டிக் கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, டி.வி.யை அணைத்துவிட்டு. பதிலுக்குப் பத்து விநாடி காத்திருக்க வேண்டும், சொல்லை நாமே எடுத்துக்கொடுத்துவிடக் கூடாது. ‘ஆமாம்’ என்று வாய் சொன்னாலும் தலையையும் கையையும் பார்க்க வேண்டும், லெலோங் சொன்ன ‘மூன்று’ போல அது வேறு எதுவாகவும் இருக்கலாம். அவர் காதுபட, அவர் இல்லாததுபோல் பேசக் கூடாது.

மகன் கேட்ட சான்றிதழை நான் தரவில்லை. பேச்சுதான் பாதிக்கப்பட்டிருக்கிறது, எளிமையாகக் கேட்டால் புரிந்துகொள்கிறார், பத்திர விஷயத்தில் அவருடைய விருப்பத்தைப் படங்களும் சைகையும் கொண்டு கேட்டறிய முடியும், அதற்கு இரண்டு அமர்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாருக்கும் இப்படி எழுத முடியாது. புரிதலும் சேர்ந்து போனவர்கள் உண்டு, சோதிக்காமல் இரண்டு பக்கமும் சொல்லக் கூடாது. மகன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் தடவையாக அப்பாவிடம் திரும்பி, “போகலாமாப்பா?” என்று கேட்டார்.

“ரைட்” என்றார். இந்தத் தடவை அதற்குச் சரியான பொருளே அமைந்தது.

ஆறு வாரம் கழித்து வந்தார்கள். வாயில் இன்னும் அதே ஒரு சொல்தான், பயிற்சியில் மனைவி பெயரின் முதல் எழுத்து மட்டும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. மனைவி ஒரு கோடு போட்ட நோட்டில் படங்கள் ஒட்டி வைத்திருந்தார். கூடவே, என்னிடம் இல்லாத ஒரு அகராதி அவரிடம் இருந்தது. “இழுத்துச் சொன்னால் தூக்கம் வருகிறது சார். இரண்டு தடவை வேகமாகச் சொன்னால் பாத்ரூம். தட்டைப் பார்த்துக்கொண்டு ஒரே தடவை அழுத்திச் சொன்னால் சாம்பாரில் உப்பு இல்லை.”