மைலுக்கு 116 அடி

ரயில் பாதை போடுவதைப் பற்றிய பழைய ஹாலிவுட் வெஸ்டர்ன் எதை எடுத்தாலும் சில காட்சிகள் கட்டாயம் இருக்கும். குதிரையில் ஒருவன் ரயிலைத் துரத்துவான். சூதாட்ட விடுதியில் மேஜை கவிழும். சம்மட்டிகள் வரிசையாக ஏறி இறங்கும். கடைசியில் இரண்டு என்ஜின்கள் எதிரெதிரே முட்டுகிற மாதிரி நிற்க, நடுவில் ஒரு தங்க ஆணி. செசில் பி. டெமில் எடுத்த 'யூனியன் பசிபிக்' (1939) இந்த ரகத்தில் பெரிய படம். ஜோயல் மெக்ரியாவும் பார்பரா ஸ்டான்விக்கும் நடித்தது. அந்த வருடம் நடக்க வேண்டிய கான் திரைப்பட விழா போரால் நின்றுபோனது. 2002-இல் ஒரு நடுவர் குழு உட்கார்ந்து, 1939-க்கான தங்கப்பனை விருதை இந்தப் படத்துக்குக் கொடுத்தது. அறுபத்து மூன்று வருடம் லேட்.

இந்தப் படங்களில் பாதைக்கு எதிரிகள் எல்லாம் மனிதர்கள்தான். துப்பாக்கிக்காரன், லஞ்சம் வாங்கும் புள்ளி, மேட்டிலிருந்து இறங்கி வரும் குதிரைப்படை. அமெரிக்காவைக் குறுக்கே கடந்த அந்த முதல் பாதையின் நிஜமான எதிரிக்குத் திரையில் வசனமே கிடையாது. அது ஏற்றம். மலையின் உயரத்தைச் சொல்லவில்லை, ஏற்றத்தைச் சொல்கிறேன். இரண்டும் வேறு.

ரயிலின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம். இரும்பின் மேல் இரும்பு. தொடும் பரப்பு ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். டயர் போல நசுங்காது, மண்ணில் பதியாது. அதனால் உருட்டுவதற்கு மிகக் குறைந்த விசை போதும். அந்தக் காலத்து வண்டிகளுக்கு, சமதளத்தில் ஒரு டன்னை நகர்த்த சுமார் 5 கிலோ இழுவிசை போதும் என்று வைத்துக்கொள்ளலாம். அதே பாரத்தை மண் சாலையில் மாட்டு வண்டியில் ஏற்றினால் இதைப் போல பத்து மடங்காவது வேண்டும். ரயில் என்ற யோசனையே இந்தச் சேமிப்பின் மேல்தான் நிற்கிறது.

இப்போது தண்டவாளத்தைக் கொஞ்சம் சாய்ப்போம். நூறு அடிக்கு 2.2 அடி ஏற்றம். கண்ணால் பார்த்தால் சரிவு என்றே தோன்றாது; சைக்கிளில் போனால் லேசாக மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சரிவில் ஒவ்வொரு டன்னும் 22 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். உருட்டுவதற்கான 5 கிலோவையும் சேர்த்தால் 27. சமதளத்தில் தேவைப்பட்டதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். மாட்டு வண்டிக்கு இதே ஏற்றத்தில் பளு ஒன்றரை மடங்குதான் ஆகும்; ஏனென்றால் அது முதலிலிருந்தே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. சமதளத்தில் சொகுசாக ஓடுகிறவனுக்குத்தான் மேடு உறைக்கும்.

சரி, பெரிய என்ஜின் போட்டால் தீராதா? அங்கேதான் அந்தப் பொத்தான் அளவு இடம் மறுபடி குறுக்கே வருகிறது. நீராவி எவ்வளவு தள்ளினாலும், சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்தால்தான் வண்டி நகரும். உலர்ந்த இரும்பில் அந்தப் பிடிப்பு, இயங்கு சக்கரங்களின் (நீராவி திருப்பும் சக்கரங்கள்) மேல் உட்காரும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. 1860-களின் என்ஜின் சுமார் 30 டன். இயங்கு சக்கரங்களின் மேல் அதில் 20 டன் என்று வைத்தால், இழுவிசை 5 டன்னுக்கு மேல் போகாது. அதற்கு மேல் நீராவியைத் திறந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த என்ஜின் சமதளத்தில் ஆயிரம் டன்னை அசைக்கலாம். 2.2 ஏற்றத்தில் 185 டன். அதிலும் என்ஜினும், விறகும் தண்ணீரும் ஏற்றிய டெண்டரும் ஐம்பது டன்னை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 135 டன், பெட்டிகளும் சரக்கும் சேர்த்து. பனி பெய்து தண்டவாளம் நனைந்தால் அதுவும் பாதியாகிவிடும்.

அடுத்த முறை படம் பார்க்கும்போது பாய்லரின் முதுகில் இருக்கும் கும்பாக்களைக் கவனியுங்கள். ஒன்றில் நீராவி சேரும். இன்னொன்றில் இருப்பது வெறும் மணல். ஆமாம், காய்ந்த ஆற்று மணல். அதிலிருந்து ஒரு குழாய் சக்கரத்தின் முன்னால் இறங்கும். சக்கரம் வழுக்கும்போது டிரைவர் ஒரு நெம்பை இழுத்தால் மணல் தண்டவாளத்தில் விழும், பிடிப்பு கூடும். அதுவும் போதாவிட்டால் பின்னால் இன்னொரு என்ஜினைக் கட்டித் தள்ள வேண்டியதுதான். நம் ரயில்வேக்காரர்கள் பேங்கர் என்று சொல்வார்களே, அது.

1862 ஜூலை 1-ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட பசிபிக் ரயில்வே சட்டம் இதனால்தான் ஏற்றத்துக்கு ஓர் எல்லை வகுத்தது. கிழக்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பால்டிமோர் - ஒஹாயோ பாதையின் உச்ச ஏற்றத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மைலுக்கு 116 அடி. நாம் மேலே பார்த்த 2.2 அதுதான்.

படம் சொல்வது கிழக்கிலிருந்து புறப்பட்ட கம்பெனியின் கதை. யூனியன் பசிபிக் ஒமாகாவில் தொடங்கி, பிளாட் ஆற்றை ஒட்டி நெப்ராஸ்கா சமவெளியில் போனது. வயோமிங்கில் அது தாண்டிய ஷெர்மன் உச்சி 8,200 அடிக்கு மேல். மொத்தப் பாதையிலும் அதுதான் உயரமான இடம். ஆனால் ஒமாகாவிலிருந்து ஷையென் வரை 516 மைலில் பூமியே மெதுவாக ஐயாயிரம் அடி ஏறிவிடுகிறது. மைலுக்குப் பத்தடி. ரயிலுக்குத் தெரியக்கூடத் தெரியாது. மேற்கே சாக்ரமென்டோவிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது தாண்ட வேண்டிய சியரா நெவாடா கணவாய் 7,000 அடிதான், ஷெர்மனைவிடத் தாழ்வு. ஆனால் கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மைலில் அந்த ஏழாயிரத்தையும் ஏறி முடிக்க வேண்டும். சராசரியே மைலுக்கு 65 அடிக்கு மேல். நடுவில் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி ஏறினால் கணக்கு கெட்டது.

தியோடர் ஜூடா என்ற பொறியாளர் கண்டுபிடித்தது அப்படி இறங்கவே வேண்டாத ஒரு வழி. டச் பிளாட் என்ற தங்கச் சுரங்க ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த டேனியல் ஸ்ட்ராங் அவரை அங்கே கூட்டிப்போனார். இரண்டு ஆறுகளுக்கு நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரே மேடு, அடிவாரத்திலிருந்து உச்சி வரை அறுபடாமல் ஏறுகிறது. இயற்கை போட்டு வைத்த சாய்தளம். ஜூடா அதை அளந்தார், சட்டம் வர வைத்தார், பாதை ஏறுவதைப் பார்க்காமலே 1863 நவம்பரில் இறந்துபோனார். பனாமா வழியாகப் போனபோது தொற்றிய காய்ச்சல்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். அரசாங்கம் சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் கொடுத்தது, மலையில் 48,000. அப்படியானால் மலை எங்கே தொடங்குகிறது? சாக்ரமென்டோவிலிருந்து ஏழே மைலில், தட்டையான ஓர் ஓடைக்கரையில் தொடங்குகிறது என்று முடிவானது. அங்கிருக்கும் மண் மலையிலிருந்து அடித்து வந்ததுதான் என்று மாநில நிலவியலாளர் சொன்னதை லிங்கன் ஏற்றுக்கொண்டார். நிலவியலை இவ்வளவு லாபகரமாகப் பயன்படுத்திய கம்பெனிகள் குறைவு.

மேட்டின் முதுகில் ஏறிப் போனாலும் உச்சியில் கருங்கல் சுவர் ஒன்று நிற்கிறது. அதைக் குடைந்துதான் போக வேண்டும். சியராவில் வெட்டிய பதினைந்து சுரங்கங்களில் நீளமானது இங்கே இருக்கும் ஆறாம் எண் சுரங்கம்: 1,659 அடி.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் உளிக் கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடிப்பார். மற்ற இருவர் எட்டுப் பவுண்டு சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். அடிக்கு அடி, பிடித்திருப்பவர் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் உளி ஒரே கோட்டில் பதிந்து சிக்கிக்கொள்ளும். திருப்பினால் முனை ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டைப் பெயர்க்கும், துளை வட்டமாக இறங்கும். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், எட்டு மணி நேர ஷிஃப்ட், ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட். இவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்தவர்கள். துளையில் கருமருந்தைத் திணித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடி வருவார்கள். இவ்வளவும் செய்தால் ஒரு முகப்பு, அதாவது குடைந்துகொண்டிருக்கும் பாறைச் சுவர், ஒரு நாளைக்கு நகர்வது ஓரடிக்குச் சற்று மேல்.

இரண்டு பக்கமிருந்து குடைந்தால் பல வருடம் ஆகும். அதனால் உச்சியில் கிணறு மாதிரி 73 அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அதன் அடியிலிருந்து கிழக்கே ஒரு கூட்டம், மேற்கே ஒரு கூட்டம். இப்போது நான்கு முகப்பு. ஆனால் இருட்டுக் கிணற்றின் அடியில் நிற்பவனுக்குக் கிழக்கு எது என்று எப்படித் தெரியும்? கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டுதான் பதில். மேலே சரியான கோட்டைக் குறித்து, அந்தக் கோட்டில் இரண்டு குண்டுகளைக் கிணற்றுக்குள் தொங்கவிட வேண்டும். கீழே அந்த இரண்டு நூல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் திசை. கிணற்றின் அகலமே 12 அடிதான். நூல்களுக்கு இடைவெளி பத்தடி என்று வைத்துக்கொண்டால், ஒரு நூல் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் நானூறு அடி தள்ளி அது நான்கு சென்டிமீட்டர் பிழையாகிவிடும். 1867 ஆகஸ்டில் முகப்புகள் சந்தித்தபோது விலகல் இரண்டு அங்குலம். பொறியாளர் லூயிஸ் கிளெமென்ட்டின் கை அப்படி.

அந்த வருடம் வேலை வேகம் பிடித்ததற்கு இன்னொரு காரணம் நைட்ரோகிளிசரின். கருமருந்தில் எரிபொருள் கரியும் கந்தகமும். ஆக்சிஜன் தருவது வெடியுப்பு. தனித்தனித் துகள்கள். நெருப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும், அதனால் கருமருந்து வேகமாக எரிகிறது என்பதுதான் சரி. நைட்ரோகிளிசரினில் எரிவதும் எரிப்பதும் ஒரே மூலக்கூறுக்குள். அங்கே பரவுவது நெருப்பு இல்லை, அதிர்ச்சி அலை. நொடிக்கு ஏழாயிரம் மீட்டருக்கு மேல். கருங்கல் விரிசல் விட்டு வழி கொடுக்க நேரமே கிடையாது, நொறுங்கிவிடும். துளையும் சின்னதாக இருந்தால் போதும். முகப்பு நாளொன்றுக்கு 1.18 அடி நகர்ந்தது 1.82 ஆனது.

தொல்லை என்னவென்றால் தவறி விழுந்தாலும் அது வெடிக்கும். 1866 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெட்டி வெடித்துப் பலர் செத்தார்கள். அதன்பிறகு அதை ஊர் ஊராகக் கொண்டுபோக முடியாமல், கிளிசரினையும் அமிலங்களையும் தனித்தனியாக மலைமேல் ஏற்றி, ஜேம்ஸ் ஹவ்டன் என்ற வேதியியலாளர் சுரங்க வாசலிலேயே அன்றன்றைக்குத் தேவையானதைக் காய்ச்சினார். அதைக் கையாண்டவர்களுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். அது ரத்தக் குழாய்களை விரிய வைப்பதால். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இதே குடும்பம்தான்.

1866-67 குளிர்காலத்தில் 44 பனிப்புயல்கள். ஆட்கள் பனிக்கு அடியில் வழி தோண்டி, வெளிச்சம் பார்க்காமல் சுரங்கத்துக்குப் போய் வந்தார்கள். சீனத் தொழிலாளர்கள் கொதிக்க வைத்த தேநீரையே குடித்ததால் மற்றவர்களைப் படுக்க வைத்த வயிற்றுப்போக்கு அவர்களை அவ்வளவாகத் தொடவில்லை. 1867 ஜூனில், மாதம் நாற்பது டாலர் கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி மலைமேல் போகும் சாப்பாட்டை நிறுத்தியது. ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. ஹாலிவுட்டுக்கு இதைவிட நல்ல காட்சி வேண்டுமா என்ன?

மலை தாண்டியபின் நெவாடா, யூட்டா பாலைவனம். ஏற்றம் போனதும் எல்லாம் வேகம். 1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் பத்து மைல், மேலும் 56 அடி பாதை போட்டார்கள். 30 அடி நீளத் தண்டவாளங்கள் 3,520. ஒவ்வொன்றும் 560 பவுண்டு. அத்தனையையும் தூக்கி வைத்தது எட்டு ஐரிஷ்காரர்கள், பக்கத்துக்கு நான்கு பேர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 110 டன்னுக்கு மேல். வளைவு வந்தால் தண்டவாளத்தைக் கட்டைகளுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடித்தே வளைத்தார்கள். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். வெயிலில் நாற்பது டிகிரி கூடினால் முப்பது அடி இரும்பு நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடம் விடாவிட்டால் பாதை பாம்பாக நெளியும். பழைய ரயிலின் தடக் தடக் சத்தம் இந்த இடைவெளிகளைச் சக்கரம் தாண்டும் சத்தம்தான்.

அப்புறம் மே 10, இரண்டு பாதைகளும் சேர்ந்த யூட்டாவின் பிராமன்டரி உச்சி, தங்க ஆணி. படங்களில் அதை ஓங்கி அடிப்பார்கள். அடிக்கவே முடியாது, தங்கம் நசுங்கிவிடும். முன்பே துளையிட்ட லாரல் மரக் கட்டையில் அதைச் சும்மா இறக்கி வைத்தார்கள். நிஜமாக அடிக்க வைத்திருந்தது ஓர் இரும்பு ஆணி. ஆணியில் ஒரு தந்திக் கம்பி, சம்மட்டியில் இன்னொன்று; இரண்டும் தொடும்போது சுற்று மூடி, நாடு முழுக்கத் தந்திக் கருவிகள் 'டக்' என்று அடிக்க வேண்டும். சென்ட்ரல் பசிபிக் தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் அடி ஆணியில் படவில்லை என்றுதான் சொல்வார்கள். தந்திக்காரர் அதற்காகக் காத்திருக்கவில்லை. 'முடிந்தது' என்று கையாலேயே தட்டி அனுப்பிவிட்டார். தங்க ஆணியையும் லாரல் கட்டையையும் உடனே பிடுங்கி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் சாதாரணக் கட்டையும் இரும்பு ஆணியும் வைத்தார்கள்.

டெமிலின் படம் வந்து மூன்று வருடத்தில், 1942-இல், போருக்கு இரும்பு வேண்டும் என்று பிராமன்டரியின் தண்டவாளங்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஏற்றம் குறைவான வேறு பாதை, கிரேட் சால்ட் ஏரியின் குறுக்கே, 1904-லேயே வந்துவிட்டிருந்தது. உச்சிச் சுரங்கத்தில் 1993 வரை ரயில் ஓடியது. இப்போது தண்டவாளம் இல்லாததால் உள்ளே நடந்தே போகலாம். டார்ச்சைச் சுவரில் அடித்தால் கருங்கல்லில் அரைக் குழாய் மாதிரி பள்ளங்கள் தெரியும்; விரல் விட்டுப் பார்க்கலாம், வழுவழுப்பாக, வட்டமாக இருக்கும். அடிக்கு அடி கம்பியைத் திருப்பிய கையின் வேலை.