"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்": புற்றுநோய் வந்த வீட்டில் எப்படிப் பேசுவது?

புற்றுநோய் ஓபியில் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் வரும் நாளில் அடிக்கடி நடப்பது இது. நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மகனோ மகளோ மட்டும் உள்ளே வருவார்கள். கதவைச் சாத்திவிட்டு முதலில் சொல்வது: "அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு."

அன்பினால் வரும் வேண்டுகோள் இது. ஆனால் வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். எந்தப் பிரிவுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்பதைப் பெயர்ப்பலகை சொல்லும். பக்கத்தில் இருப்பவருக்கு முடி கொட்டியிருக்கும். வெளியூர் மகள் திடீரென்று லீவு போட்டு வந்திருப்பாள். ஃபைலை மட்டும் யாரும் அவர் கையில் கொடுக்க மாட்டார்கள். இத்தனையையும் பார்த்தவருக்கு நோயின் பெயர் தெரியாமல் இருக்கலாம். எதையோ மறைக்கிறார்கள் என்பது நிச்சயம் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் பிள்ளைகள் உடைந்துவிடுவார்களே என்று அவரும் நடிக்க ஆரம்பிப்பார். ஒரே வீட்டில் இரண்டு தரப்பும் தனித்தனியாக அழும் நிலை அப்படித்தான் வருகிறது.

நடைமுறையில் இதனால் கெடுவது நிறைய. 'அல்சர்' என்று சொல்லி வைத்தவருக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை எதற்கு என்று புரியாது. இரண்டு வேளை விட்டுவிடுவார், வலி திரும்ப வரும், மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவார். கீமோ சம்மதப் படிவத்தில் எதற்கென்று தெரியாமல் கையெழுத்துப் போடுவார். பேங்க் நாமினி, வீட்டுப் பத்திரம், பல வருடமாகப் பேசாமலிருக்கும் தம்பி என எதையும் சரிசெய்ய வாய்ப்பிருக்காது. கடைசி நாட்களில் வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்ற கேள்வியைப் பிள்ளைகள் தனியே சுமப்பார்கள். அந்தச் சுமை பல வருடங்கள் கழித்தும் இறங்குவதில்லை.

அதற்காக, "நோயாளிக்கு உரிமை இருக்கிறது" என்று சொல்லி மருத்துவர் நேரே போய் உடைத்துவிடுவதும் தீர்வல்ல. முதலில் குடும்பத்தின் பயத்தைக் கேட்க வேண்டும். இதற்கான வழிமுறையைப் புற்றுநோயாளிகளிடம் பேசும் முறை பற்றி ஆராய்ந்த பிரிட்டனின் பீட்டர் மேகுவேர், ஆன் ஃபால்க்னர் இருவரும் 1988லேயே எழுதிவைத்தார்கள். நம் ஊர்க் குடும்பங்களிடமும் அது நன்றாகவே பலிக்கிறது. மகனிடம் வாதாடாமல், "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேளுங்கள். "சாப்பாட்டை விட்டுடுவாரு", "ஏதாவது பண்ணிக்குவாரு" என்று குறிப்பான பதில் வரும். இரண்டாவது பதில் வந்தால் அதை அலட்சியம் செய்யாமல் விசாரிக்க வேண்டும்: முன்பு மனச்சோர்வு இருந்ததா, தற்கொலை முயற்சி இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா? அடுத்த கேள்வி: "இதை மறைச்சு வைக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?" பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மகன் முதன்முறையாக அழுவார். அழட்டும். தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பிறகு அனுமதி கேளுங்கள்: "நானா எதுவும் சொல்ல மாட்டேன். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறாருன்னு மட்டும் கேட்கிறேன். அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் கூட இருங்க." இந்த அளவுக்குக்கூட அனுமதி மறுப்பவர்கள் குறைவு.

நோயாளியிடம் பேசுவதற்கு 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறுபடி முறை உண்டு. வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் குழுவினர் 2000இல் வெளியிட்டது. இடத்தைத் தயார் செய்வது, அவருக்கு என்ன தெரியும் என்று அறிவது, சொல்ல அனுமதி பெறுவது, செய்தியைச் சொல்வது, உணர்ச்சிக்கு முகம் கொடுப்பது, அடுத்து என்ன என்று திட்டமிடுவது என்பது வரிசை. மருத்துவர்களாகிய நாம் பெரும்பாலும் நேரே நான்காவது படிக்குத் தாவிவிடுகிறோம், தவறு அங்கேதான் தொடங்குகிறது. தனி அறை கிடைக்காத வார்டிலும் சில காரியங்களைச் செய்ய முடியும். காலை ரவுண்ட்ஸ் கூட்டத்தில் பேசாமல் மாலையில் வரலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காரலாம். போனை அணைத்து வைக்கலாம். "கூட யார் இருக்கணும்?" என்று அவரிடமே கேட்கலாம்.

பிறகு, "உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க?" என்று தொடங்குங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொள்வதுதான் கடினம். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். கூட்டம் பிதுங்கும் நம் ஓபிகளில் இதைவிட மேலாக இருக்கும் என்று நம்பக் காரணமில்லை. பத்து விநாடி மௌனம் நமக்கு நீளமாகத் தெரியும். அவருக்கோ அது சொல்லலாமா வேண்டாமா என்று எடைபோடும் நேரம்.

அதற்கடுத்து: "ரிப்போர்ட் விவரத்தை உங்ககிட்டயே சொல்லவா, இல்ல மகன்கிட்ட பேசினா போதுமா?" மகனிடம் சொன்னால் போதும் என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவு, வற்புறுத்தக் கூடாது. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். தெரிய வேண்டும் என்றால் முன்னறிவிப்பாக, "நாம எதிர்பார்த்த மாதிரி ரிப்போர்ட் வரல" என்று சொல்லி நிறுத்துங்கள். "புத்துநோயா?" என்று அவரே கேட்பார். "ஆமா" என்ற ஒரு சொல் போதும். கிரேடு, ஸ்டேஜ், எத்தனை கீமோ என்று உடனே அடுக்கினால் எதுவும் காதில் ஏறாது.

இங்கே வரும் உணர்ச்சி அழுகையாக மட்டும் இருக்காது. சிலர் சிரிப்பார்கள், சிலர் "சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்று பேச்சை மாற்றுவார்கள். பலர் கோபப்படுவார்கள். ஊசி போட அரை மணி நேரம் தாமதமானதற்கு நர்ஸிடம் கத்துபவர், பல மாதமாக வாயுத்தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிய வேறொரு இடத்தின் மேலுள்ள கோபத்தைத்தான் கொட்டுகிறார் என்பது உண்டு. ஊசி தாமதத்துக்கு விளக்கம் சொன்னால் சண்டை வளரும். "இவ்வளவு நாள் அலைஞ்சு, இப்ப இதைக் கேக்குறது ரொம்பக் கொடுமைதான்" என்றால் குரல் தணியும். உணர்ச்சியைக் கண்டுகொள்ள வேண்டும், அதன் காரணத்தைத் தேட வேண்டும், இரண்டையும் இணைத்து ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். "எனக்குப் புரியுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது புரிந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. "நெஞ்சு அடைக்குது", "படபடன்னு வருது" என்றால் பயம் என்று முடிவு செய்வதற்குமுன் நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, தேவைப்பட்டால் இசிஜி பாருங்கள். வலியும் அப்படியே. உடல் வலி, மனவேதனை, குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு நான்கும் சேர்ந்ததே முழு வலி என்று, வலி நிவாரண ஆதரவு சிகிச்சையின் முன்னோடியான ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் சொன்னது உண்மை. ஆனால் உடல் வலிக்குச் சரியான அளவில் மருந்து கொடுக்காமல் மனதைப் பற்றிப் பேசுவது கொடுமை.

"எவ்வளவு நாள் இருப்பேன்?" என்ற கேள்விக்கு எண்ணைச் சொல்லாதீர்கள். ஆறு மாதம் என்று சொன்னால் வீட்டில் காலண்டரைப் பார்த்து நாள் எண்ண ஆரம்பிப்பார்கள். "அதெல்லாம் நினைக்காதீங்க" என்றும் தட்டிக் கழிக்காதீர்கள். "எதுக்காகக் கேக்குறீங்க?" என்று கேளுங்கள். பேத்தி கல்யாணம், நிலப் பத்திரம், பிறந்த ஊருக்குப் போகும் ஆசை என்று உண்மையான கேள்வி வெளியே வரும். வருடங்களா, மாதங்களா, வாரங்களா, நாட்களா என்ற அளவில் பதில் சொல்லி, கல்யாணத் தேதியை முன்னால் இழுக்கலாமா என்று பேசினால் அது அவருக்கு உதவும்.

பார்க்க வரும் உறவினர்களுக்கும் சொல்ல வேண்டும். நோயின் கதையை ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்காதீர்கள். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், மூணே மாசம்" என்பதும், வாட்ஸ்அப்பில் வந்த இலை வைத்தியமும் வேண்டாம். தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. புற்றுநோய் தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. அந்தத் தனி டம்ளர் அவரை நோயைவிட அதிகமாக ஒடுக்கும். கால் மணி நேரம் உட்காருங்கள், "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள், ஒரு ராத்திரி மாற்றாள் இருக்க முன்வாருங்கள். பராமரிக்கும் மனைவியோ மருமகளோ எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்கவும் ஆள் வேண்டும்.

படுக்கையிலிருப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மனநெருக்கடிக்கு, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எப்போது, எப்படிச் சொல்வது என்று வீட்டில் பேசி வைத்திருக்கும்போதே, விவரம் தெரியாத யாரோ ஒருவர் நோயாளியிடம் வாய்தவறி உடைத்துவிடுவதும் உண்டு. அப்போது பிள்ளைகள் நீங்கள் மறுக்காதீர்கள், உளறியவரைத் திட்டவும் செய்யாதீர்கள். அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாப்பா, எங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லாம இருந்தது தப்புதான். என்ன தெரிஞ்சுக்கணுமோ கேளுங்க" என்று சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் நியாயம் கற்பிக்காமல் கேளுங்கள். அடுத்த ஓபிக்கு அவரையும் உள்ளே அழைத்து வாருங்கள், ஃபைல் அவர் கையில் இருக்கட்டும்.