முகாமில் விரலைக் குத்தியதோடு முடிந்ததா?

போன மாதம் பினாங்கில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம். நாற்பதைத் தொடாத ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். விரலைக் குத்தினால் மிஷினில் இரத்தச் சீனி 17.2 மில்லிமோல், ரொம்ப அதிகம். கிளினிக்குக்குப் போகச் சொல்லிக் கடிதம் எழுத, நர்ஸான நான் பேனாவை எடுத்தேன். "போன வருஷமும் இதே நம்பர்தான் மிஸ்ஸி, ஏறவே இல்லை. அப்படியே மெயிண்டேன் பண்றேன்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. போன வருஷம் கொடுத்த கடிதம்? லாரியில் எங்கேயோ கிடக்கிறதாம். புதுக் கடிதத்தையும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேராகச் சிராப் பண்டோங் (பால் கலந்த ரோஸ் சிராப்) ஊற்றும் மேசைக்குப் போனார்.

ஒருவர் இரண்டு பேர் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். முகாமுக்கு வரும் கூட்டத்தில் பாதிப் பேர் கிளினிக் வாசலை மிதிப்பதே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. இந்த லட்சணத்தில் கடிதத்தை மடித்து வைத்தால் எப்படி?

ஏன் போவதில்லை என்று கேட்டால் முதலில் நேரமில்லை என்பார்கள். கொஞ்சம் நோண்டினால் உண்மை வரும்: "மருந்து தொட்டா கிட்னி போயிடும் மிஸ்ஸி."

இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. மாமா பத்து வருஷம் மாத்திரை சாப்பிட்டார், கடைசியில் டயாலிசிஸுக்குப் போனார், ஆகவே மாத்திரைதான் குற்றவாளி. சரி, அந்தப் பத்து வருஷமும் மாமாவின் சீனி எவ்வளவு இருந்தது? மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா, கிளினிக் தேதிக்கு முந்தின வாரம் மட்டும் போட்டாரா? அதை யாரும் கேட்பதில்லை. டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கும் இனிப்பு நீர்க்காரர்களில் பலர் மாத்திரை சாப்பிட்டவர்கள்தான். அதற்காக மாத்திரையைக் குற்றம் சொல்வது, குடை பிடித்ததால்தான் மழை வந்தது என்பது போல. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சீனியும் கூடவே ஏறும் இரத்த அழுத்தமும். சீனிக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரை நல்ல கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கனவே பழுதாகியிருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார், தேவைப்பட்டால் நிறுத்துவார். அதற்குத்தான் இரத்தம் எடுத்துப் பார்ப்பதே.

வேடிக்கை என்னவென்றால், மாத்திரைக்குப் பயப்படும் இதே ஆள் சந்தையில் பெயர் தெரியாத மூலிகைப் பொடியைப் பயமில்லாமல் வாங்கி விழுங்குவார். 'மால்' (MAL) என்று தொடங்கும் அரசாங்க மருந்துப் பதிவு எண் டப்பாவில் இல்லையென்றால் வாயில் வைக்காதீர்கள். முட்டி வலிக்கென்று தினமும் வலி மாத்திரை போடும் அம்மாக்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிட்னிக்கு நிஜமான ஆபத்து அதிலும் இருக்கிறது.

இனி கோயில் நிர்வாகங்களுக்கு. முகாம் போடுகிறீர்கள், பெரிய மனசு. ஆனால் சீனி அதிகம் இருந்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் அவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து இளைஞர் பிரிவில் ஒருவர் போன் போட்டு "அண்ணே, கிளினிக் போனீங்களா?" என்று கேட்கட்டும். அன்னதானத்தில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் சோறு, கால் பருப்போ மீனோ என்பது சுகாதார அமைச்சே சொல்லும் கணக்கு. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல். பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது, அதையே கொடுங்களேன். மோரும் நல்லது. சிராப் வேண்டும் என்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

வீட்டில் தே தாரிக்கை (கெட்டிப்பால் தேநீரை) குறையுங்கள். "சீனி போடல, சூசு மட்டும்தான்" என்று என்னிடம் சொல்லாதீர்கள். அந்தச் சூசுவில், அதாவது கெட்டிப்பாலில், ஏறக்குறைய பாதி சீனிதான். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

30 வயது தாண்டியவர்கள் வருஷம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அப்பா அம்மாவுக்கு இருந்தால் அதற்கு முன்பே. ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். 17 இருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்பவர்கள் கவனியுங்கள்: சீனியால் கால் மரத்துப் போனால் ஆணி குத்தினாலும் தெரியாதுதான்.

கடிதம் தொலைந்துவிட்டதா? பரவாயில்லை, அடையாள அட்டையோடு பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). தயவு செய்து இந்த வாரமே போங்கள். மாத்திரைக்குப் பயம் என்றால் அதையும் டாக்டரிடமே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.