கடைந்த ரிம்மை ஒட்டவைக்க முடியாது

பேஞ்சோவின் பின்மூடியான ரெசனேட்டரைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. உள்ளே துளை துளையாக ஒரு வெண்கல வளையம். கிப்சன் கம்பெனியின் 1930களின் டிபி-11 மாடலில் அது இருக்கவே கூடாது. யாரோ ரிம்மை, அதாவது வட்டமான மரச் சட்டத்தை, கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, மேல்பக்கத்தைச் சீவியெடுத்துவிட்டு அந்த வளையத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். கொண்டுவந்தவர் எல்லாமே ஒரிஜினல் என்று நம்பி நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். அமெரிக்காவின் வட கரோலினாவில் பேஞ்சோ பழுது பார்க்கிறவன் நான். இந்தச் செய்தியை ஒருவரிடம் சொல்வது எனக்கு இது முதல் தடவை இல்லை.

நம்மூரில் பேஞ்சோ என்றால் பொத்தானை அழுத்தி வாசிக்கும் புல்புல் தாராதான் பலருக்கு நினைவு வரும். நான் சொல்வது அது இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி வாசித்தார்களே, அதிலிருந்து வளர்ந்த அமெரிக்க பேஞ்சோ. பாதி தந்தி வாத்தியம், பாதி தோல் வாத்தியம்.

தந்தியின் அதிர்வு, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாகத் தோலில் இறங்குகிறது. தோலின் விளிம்பு வெறும் மரத்தில் பட்டால், அதிர்வில் ஒரு பங்கை மரம் குடித்துவிடும். அந்த இடத்தில் கனமான உலோகம் இருந்தால் அது லேசில் அசைந்து கொடுக்காது. அதிர்வு தோலிலேயே தங்கும். தோலுக்கும் மரத்துக்கும் நடுவே உட்காரும் இந்த உலோக வளையம்தான் டோன் ரிங். பாஸ்டனின் ஃபேர்பேங்ஸ் 1901-இல் வொய்ட் லேடி மாடலில் வளைந்து வளைந்து போகும் உலோகத் தாங்கியின் மேல் ஒரு கம்பி வளையத்தை வைத்தது. அந்தக் கம்பெனியை வாங்கிய வேகா 1909-இல் சதுரக் குழாயை வளைத்துத் துளையிட்டு டியூபாஃபோன் செய்தது. இரண்டுமே எனக்குப் பிடிக்கும். நகம் படாமல் விரல் நுனியால் வாசித்தால் டியூபாஃபோனுக்கு ஈடு கிடையாது.

ஆனால் சண்டை எல்லாம் கிப்சனைப் பற்றித்தான். 1925-இல் அதன் உயர்ரக மாடலான மாஸ்டர்டோன் வந்தபோது அதன் வளையம் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளின் மேல், அவற்றுக்கு அடியில் ஸ்பிரிங்குகளோடு நின்றது. யோசனை பிரமாதம், பராமரிப்பு தலைவலி. சில வருடங்களில் அதைக் கைவிட்டு வெண்கல வார்ப்பு வளையத்துக்கு மாறினார்கள். அதில் இரண்டு வகை பெயர் பெற்றன. ஆர்ச்டாப்பில் தோல் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மேட்டின் மேல் ஏறிப் படிகிறது. ஃபிளாட்ஹெட்டில் கிட்டத்தட்ட ஓரம் வரை தட்டையாகப் போகிறது. 11 அங்குலத் தோலில் ஆர்ச்டாப் அதிரவிடுவது ஏறத்தாழ ஒன்பதரை அங்குலம்தான். கணக்குப் போட்டால் பரப்பில் கால்வாசி போய்விடுகிறது. அதனால்தான் ஆர்ச்டாப் கூர்மையாகக் கீறிக்கொண்டு வரும், ஃபிளாட்ஹெட் அடித்தொண்டையில் பேசும். பேஞ்சோ கலைஞர்கள் ரால்ஃப் ஸ்டான்லியையும் ஏர்ல் ஸ்க்ரக்ஸையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாமவர் ஆர்ச்டாப்காரர், இரண்டாமவர் ஃபிளாட்ஹெட்.

ஸ்க்ரக்ஸ் இந்த ஊர்ப்பக்கத்துக்காரர் வேறு. அவர் கையில் இருந்த கிப்சன் கிரனாடா மாடலின் ஒலிதான் வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் ஆசை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஃபிளாட்ஹெட்டுகளோ மிகக் குறைவு. அதனால் மலிவான மாடல்கள் மேல் கை வைத்தார்கள். டிபி-1, டிபி-11 போன்றவற்றில் வார்ப்பு வளையமே கிடையாது. தடித்த மேப்பிள் ரிம்மின் தலையில் ஒரு மெல்லிய பித்தளைக் கம்பி வளையம், அவ்வளவுதான். ஒன்றே கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஃபிளாட்ஹெட் வளையத்தை அதில் ஏற்ற, மரத்தைச் சீவாமல் வழியில்லை.

சீவிய பிறகு என்ன கிடைக்கிறது? புது பேஞ்சோவில் கிடைக்கக்கூடிய ஒலிதான். போனது என்ன என்றால், அந்தக் கம்பி வளையத்துக்கே உரிய காய்ந்த, லேசான, சட்டென்று பாய்ந்து அடங்கும் ஒலி. இப்போது அதைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சீவின மரம் திரும்பாது.

டெனர் பேஞ்சோவுக்கு ஐந்து தந்தி நெக், அதாவது கழுத்து, மாட்டுவதை நான் எதிர்க்கவில்லை. 1920, 30களில் ஜாஸ் குழுக்களுக்கு நான்கு தந்தி டெனர்தான் விற்றது. பழைய கிப்சன்களில் பெரும்பாலானவை அதுதான். புது நெக் மாட்டுங்கள், பழைய நெக்கைப் பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள். நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

"ஒலி மந்தமாக இருக்கு, வளையத்தை மாத்திடலாமா?" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் தொடுவது தோலைத்தான். பழைய கன்றுத்தோலாக இருந்தால் மழைநாளில் தளர்ந்துபோகும். கஞ்சிரா வாசிக்கிறவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. 1950களின் கடைசியில் வந்த பிளாஸ்டிக் தோலும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தோலை இழுத்துப் பிடிக்கும் ஹூக்குகளின் ஓரங்களில் விரலால் தட்டிக்கொண்டே, ஜி-க்கும் ஏ-க்கும் நடுவில் எல்லாப் பக்கமும் ஒரே சுருதி வரும்வரை நட்டுகளைக் கால் திருகு கால் திருகாக முறுக்குவேன். ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. பழைய கிப்சனின் துத்தநாகக் கலவை ஃபிளேஞ்ச், அதாவது ஹூக்குகள் மாட்டியிருக்கும் வெளி வளையம், அவற்றின் இழுப்பில் மேலே வளைந்துவிடும், விரிசலும் விடும். அப்புறம் பிரிட்ஜ். இரண்டு கிராம் சொச்சம் எடையுள்ள மரத்துண்டு, அதில் அரை கிராம் கூடினாலே ஒலி அமுங்கும். பாதிப் பேரின் குறை இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பவர்களுக்கு வளையம் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்ப்பேன். கையால் அழுத்தினால் சற்றே பிகு காட்டி இறங்க வேண்டும். இங்கே கோடைப் புழுக்கத்தில் மரம் ஊதி வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டில் சுருங்கி, வளையம் ஆடி இரையும். ஆடினால் மெல்லிய மேப்பிள் பட்டையோ காகிதமோ வைத்துச் சரிசெய்யலாம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இறுக்கமாக இருந்தால் சுத்தியலைத் தூக்காதீர்கள்.

வளையத்தை நூலில் தொங்கவிட்டுத் தட்டி, "மணி மாதிரி கேட்குது பாருங்க" என்று விற்பவர்களிடம் மயங்காதீர்கள். வாத்தியத்துக்குள் அது ஒருபோதும் அப்படித் தொங்கப்போவதில்லை. அதற்குப் பதில் ரிம்மின் உள்பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலை எண்ணை ரெசனேட்டருக்குள் இருப்பதோடு ஒப்பிடுங்கள். தோலைக் கழற்றி வளையத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்: அடியில் தெரியும் மரம் 90 வருட அழுக்கு நிறத்தில் இருந்தால் நல்லது, வெளுப்பாகப் புதிதாகத் தெரிந்தால் அங்கே உளி பட்டிருக்கிறது. விற்பவர் கழற்ற மறுத்தால் கடைந்த ரிம்முக்கு என்ன விலையோ அதை மட்டும் கேளுங்கள்.

அந்த டிபி-11-ஐ என்ன செய்தேன் என்றால், தோலை இழுத்து, பிரிட்ஜ் மாற்றி, வளையத்தைச் சரியாக உட்கார வைத்தேன். நன்றாகவே ஒலிக்கிறது. அவர் போகும்போது, பழைய பித்தளைக் கம்பி எங்காவது கிடைக்குமா என்று கேட்டார். கம்பி கிடைக்கும் என்றேன்.