100 எம்பி லைனில் 12 எம்பிதான் வருமா?

"நூறு எம்பி பிளானுக்குப் பணம் கட்டுறேன் சார், டவுன்லோடு போட்டா பதினொன்றைத் தாண்ட மாட்டேங்குது." பிராட்பேண்ட் இணைப்புகளைப் பராமரிக்கிற எங்களுக்கு இந்தப் புகார் மனப்பாடம். லைன் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் சொன்னால் பேசுகிறவருக்குக் கோபம் கூடும். ஆனால் பெரும்பாலும் உண்மை அதுதான்.

பிளானில் போட்டிருக்கும் 100 என்பது நொடிக்கு 100 மெகாபிட். பிரவுசர் காட்டும் 11 என்பது நொடிக்கு 11 மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. காகிதத்தில் அந்த லைனின் உச்சமே அவ்வளவுதான். ஸ்பீடு டெஸ்ட் தளங்களும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரும் பிட்டில் காட்டும். பிரவுசர் டவுன்லோடு, டோரன்ட், பென்டிரைவுக்கு காப்பி செய்யும் ஜன்னல் எல்லாம் பைட்டில் காட்டும். பேச்சில் இரண்டையுமே 'எம்பி' என்று சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. விளம்பரத்தில் எண்ணைப் பெரிதாகக் காட்டத்தான் நிறுவனங்கள் பிட்டில் சொல்கின்றன என்று சிலர் வாதாடுவார்கள். அது சரியில்லை. தொலைபேசிக் காலத்திலிருந்தே கணக்கு பிட்டில்தான். குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட். அதுபோல 32 சேர்ந்தது 2.048 மெகாபிட் கொண்ட ஈ1 லைன். வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் ஒரு காலத்தில் 'டூ எம்பி லீஸ்டு லைன்' (தங்களுக்கு மட்டுமான வாடகை லைன்) என்று வாங்கியது இதைத்தான்.

சரி, 12.5 வரவேண்டும் என்றால் ஏன் 11 சொச்சம்? இரண்டு காரணம். கோப்பு துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி, சரிபார்ப்பு என்று கூடுதல் சுமை உண்டு. 100 மெகாபிட் ஈதர்நெட்டில் (லேன் கேபிள் இணைப்பில்) அது போகக் கோப்புக்குக் கிடைப்பது 94, 95 அளவுதான். அடுத்தது, தொலைத்தொடர்பில் மெகா என்றால் பத்து லட்சம். விண்டோஸ் கோப்பை அளக்கும்போது 1024ஐ 1024ஆல் பெருக்கி 10,48,576 என்று எடுத்துக்கொள்கிறது. (500 ஜிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸில் 465 என்று காட்டுவதும் இதனால்தான்.) இந்த 1024 கணக்குக்கு மெபி (mebi), கிபி (kibi) என்று 1998இலேயே தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். கடைத்தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எப்படிப் பார்த்தாலும், 100 லைனில் 11.2 முதல் 11.8 வரை வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நியாயமான புகார் வேறு. 300 மெகாபிட் பிளான் எடுத்தவருக்கு எத்தனை முறை சோதித்தாலும் 94இலேயே நிற்கிறது என்றால் எனக்கு முதலில் கேபிள் மேல்தான் சந்தேகம் வரும். 100 மெகாபிட்டுக்கு லேன் கேபிளில் நாலு கம்பி போதும். அதற்கு மேலே போகும் ஜிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) எட்டும் வேண்டும். க்ரிம்பிங் (கேபிள் முனையில் பின் மாட்டுவது) சரியில்லாமல் மீதி நாலில் ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். ரூட்டரின் போர்ட்டே 100தான் என்றாலும், நடுவில் பழைய சுவிட்ச் ஒன்று உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். விண்டோஸில் ஈதர்நெட் அமைப்புக்குள் போனால் லிங்க் ஸ்பீடு தெரியும். அங்கே 100 என்று இருந்தால் கஸ்டமர் கேருக்குப் போன் போடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இந்தக் கணக்கு தெரியாமல் கையிலிருந்து பணம் போகிற இடம் சிசிடிவி. கேமரா அமைப்பில் 2048 கேபிபிஎஸ் (நொடிக்கு 2048 கிலோபிட்) என்று இருப்பதைக் கடைக்காரர்கள் கண்டுகொள்வதே இல்லை. அது தோராயமாக 2 மெகாபிட். எட்டு கேமரா என்றால் 16. எட்டால் வகுத்தால் நொடிக்கு 2 மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி, ஆக 172.8 ஜிபி. ஒரு டிபி (1000 ஜிபி) டிஸ்க் ஆறு நாளைக்குக்கூடக் காணாது, ஏழாம் நாள் பழைய பதிவு அழிந்திருக்கும். திருட்டு நடந்து பத்து நாள் கழித்துப் பதிவைத் தேடினால் என்ன கிடைக்கும்? முப்பது நாள் வேண்டுமென்றால் 5 டிபிக்கு மேல் தேவை. நான் வைத்திருக்கும் குறுக்குவழி: மெகாபிட்டை 10.8ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் இது குறையும், ஆனால் டிஸ்க் வாங்கும்போது முழுக் கணக்கைப் போட்டு வாங்குவதே நல்லது. அப்புறம் இன்னொன்று: கடையில் இருக்கும் கேமராவை வீட்டிலிருந்து போனில் பார்க்கும்போது செலவாவது கடை லைனின் அப்லோடு. டவுன்லோடு 100 இருந்து என்ன பயன், அப்லோடு 5 என்றால் எட்டு கேமராவும் முழுத் தரத்தில் ஒன்றாக வராது.

அதே 10.8 எஃப்யூபிக்கும், அதாவது பிளானில் வைத்திருக்கும் டேட்டா வரம்புக்கும், உதவும். 'அன்லிமிடெட்' பிளான் பலவற்றில் மாதத்துக்கு 3300 ஜிபி என்று வரம்பு இருக்கிறது. 100 மெகாபிட் லைனை முழு மூச்சாக ஓட்டினால் நாளைக்கு 1080 ஜிபி, மூன்றே நாளில் வரம்பு முடிந்துவிடும். வீட்டில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை என்பது வேறு. வரம்புக்குப் பிறகு வேகம் 2 மெகாபிட் என்று போட்டிருந்தால் அது நொடிக்கு 250 கிலோபைட். ஒரு ஜிபி கோப்பு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தியாவில் 2004இல் 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட். 2013இல் 512 ஆக்கினார்கள், 2023இல்தான் 2 மெகாபிட் ஆனது. அதனால் வரம்பு தாண்டிய அந்த வேகத்தையும் நிறுவனங்கள் பிராட்பேண்ட் என்றே சொல்லலாம், சட்டப்படி தவறில்லை. பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

இதற்கு மேலும் வேகம் குறைவு என்றால் தாராளமாகப் புகார் கொடுங்கள். வைஃபையில் எடுத்த அளவை அனுப்பினால் 'ரூட்டர் பக்கத்தில் நின்று பாருங்கள்' என்று திருப்பிவிடுவார்கள். லேன் கேபிளில் ஒரு லேப்டாப்பை மட்டும் இணைத்து, காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து, டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் மெகாபிட்டில் குறிப்பிட்டு ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள்.