கூடை மடலுக்கு அடியில் பூனை

அட்டைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் கூடை ஒன்றின் படம் இருக்கிறது. கூடையின் மூடி மட்டும் தூக்கிப் பார்க்கக்கூடிய சிறு மடலாக ஒட்டப்பட்டிருக்கிறது. தூக்கினால் உள்ளே பூனை. பத்து மாதக் குழந்தை இதை இருபதாவது முறையும் முதல் முறையின் ஆவலோடு திறக்கிறது. பூனை அங்கே இருப்பது அதற்குத் தெரியும், தெரிந்திருப்பதால்தான் திறக்கிறது.

மறைந்த பொருள் மறைந்த இடத்திலேயே இருக்கிறது என்னும் அறிவை உளவியலாளர்கள் 'பொருள் நிலைப்பு' என்பார்கள். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே, துணியால் மூடிய பொம்மையைக் குழந்தைகள் ஏறத்தாழ எட்டு மாதம் வரை தேடி எடுப்பதில்லை என்று கண்டு, அதுவரை இந்த அறிவு உருவாகவில்லை எனக் கருதினார். ஆனால் 1987இல் ரெனே பையார்ஜான் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெட்டியை மறைத்து எழும் திரை, பெட்டி இருக்கும் இடத்தையும் ஊடுருவிப் பின்னால் சாய்வதுபோல் காட்டப்பட்டபோது, நாலரை மாதக் குழந்தைகள் அந்த நிகழவே முடியாத காட்சியை நெடுநேரம் உற்றுப் பார்த்தன. மறைந்த பெட்டி அங்கேயே இருந்து திரையைத் தடுக்கும் என்று எதிர்பார்த்ததால்தான் அந்த வியப்பு; ஆகவே அறிவு முன்பே அரும்பிவிடுகிறது. ஒன்றை அடைய மற்றொன்றை முதலில் விலக்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கையை இயக்கும் திறன்தான் தாமதமாக வருகிறது என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். மடல் கேட்பதும் மிகச் சரியாக அந்தத் திறனையே.

இங்கே புத்தகத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தை, பொம்மையைத் தன் கண்முன்னே வேறிடத்துக்கு மாற்றி ஒளித்தாலும், முன்பு கண்டெடுத்த இடத்திலேயே தேடும். புத்தகத்துப் பூனையோ இடம் மாறுவதே இல்லை. குழந்தையின் ஊகம் ஒவ்வொரு முறையும் பலிக்கிறது. அந்த மகிழ்ச்சியைத்தான் அதன் முகத்தில் காண்கிறோம் என்று நான் நினைக்கிறேன்.

விரல்களும் இதே பருவத்தில்தான் முதிர்கின்றன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பற்றும் பிடி பெரும்பாலும் ஒன்பது, பத்து மாதங்களில் கைவரும். அதற்காகவே நல்ல மடலின் ஓரத்தில் விரல் நுழைய அரைவட்டமாக வெட்டிவிடுகிறார்கள். மேல் தாளில் மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தில் மடிப்புத் தடம் பதித்து, மடலுக்கு அடியில் மட்டும் பசை படாமல் கீழ் அட்டையோடு ஒட்டுவது ஒரு முறை. மடிப்பு, தாளின் இழைகள் ஓடும் திசையிலேயே அமைய வேண்டும். குறுக்கே அமைந்தால் சீக்கிரம் வெடித்துக் கிழியும்.

ஆனால் மடல் எல்லாவற்றுக்கும் உதவாது. சிந்தியா சியாங், ஜூடி டெலோச் ஆகியோர் சுமார் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கு எழுத்துகளைக் கற்பித்துப் பார்த்தபோது, இழுக்கவும் தூக்கவும் பாகங்கள் கொண்ட புத்தகத்தைவிட எளிய புத்தகத்தில் அவர்கள் அதிகம் கற்றனர். கை வேலையில் கவனம் போய்விட, எழுத்து பின்தங்கிவிடுகிறது. எனவே எழுத்தின் மேல் ஒட்டிய மடலை நான் விரும்புவதில்லை. பெயர் சொல்லப்படும் பொருளையே மறைக்கும் மடல்தான் பயனுள்ளது. “பூனை எங்கே?” என்று கேட்டுவிட்டு, பெரியவர் தாமே திறக்காமல் சில நொடிகள் பொறுத்திருந்தால், குழந்தை மடலைத் தூக்கும் முன்பே அந்தப் பெயரும் படமும் அதன் மனத்தில் சேர்ந்து நிற்க இடம் கிடைக்கிறது.