மயிர்க்கால்: பையா, கிணறா, காலா?

சீப்பில் வந்த முடியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன முடிச்சு ஒன்று தெரியும். "ஐயோ, வேரோட வந்துருச்சே" என்று பதறாதவர்கள் குறைவு. பதற்றத்துக்குப் பாதிக் காரணம் 'வேர்' என்ற அந்தச் சொல்தான். ஷாம்பு விளம்பரங்களும் அழகுக் குறிப்புகளும் 'வேர்க்கால், வேர்க்கால்' என்று ஓயாமல் சொல்லி அதை நம் வாயில் ஏற்றிவிட்டன. செடியை வேரோடு பிடுங்கினால் செடி போயிற்று. முடி விஷயம் அப்படியில்லை. கையில் வந்தது முடி மட்டும். அதைச் செய்துதள்ளிய உறுப்பு தோலுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் அதன் பெயர் ஃபாலிக்கிள். தமிழில் மயிர்க்கால்.

ஃபாலிக்கிள் லத்தீனிலிருந்து வந்தது. அந்த மொழியில் 'ஃபாலிஸ்' என்றால் தோல் பை. கொல்லன் பட்டறைத் துருத்திக்கும் அதுதான் பெயர். 'ஃபாலிக்குலஸ்' என்றால் குட்டிப் பை. காற்று மட்டும் நிறைந்த பை என்ற கேலியில் அதே வேரிலிருந்து முட்டாளைக் குறிக்கும் 'ஃபூல்' என்ற ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. காற்றடைத்த பை என்று நாம் உடம்பைச் சொன்னோம். அவர்கள் ஆளையே சொல்லிவிட்டார்கள்.

பை என்பது பொதுப் பெயர் ஆகையால் அது பல இடங்களுக்குப் போனது. சினைப்பையில் கருமுட்டையைச் சுமக்கும் நீர்க்குமிழும் ஃபாலிக்கிள்தான். 1672-இல் நெதர்லாந்து மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப் அதை விவரித்தார். குமிழையே முட்டை என்று நினைத்துக்கொண்டார், பாவம். தைராய்டு சுரப்பிக்குள்ளும் ஃபாலிக்கிள் உண்டு. தாவரவியலில், ஒரு பக்கம் மட்டும் வெடித்துப் பஞ்சோடு விதையைப் பறக்கவிடும் எருக்கங்காயும் ஃபாலிக்கிளே.

வடமொழி வேறு விதமாகப் பார்த்தது. அங்கே இது ரோமகூபம். கூபம் என்றால் கிணறு. உடம்பில் மூன்றரைக் கோடி ரோமம் என்பது புராணக் கணக்கு. இன்றைய கணக்கு ஏறத்தாழ 50 லட்சம், அதில் தலையில் ஒரு லட்சம்.

இனி நம் சொல். 'கால்' என்றதும் நடக்கும் கால் மட்டும் நினைவுக்கு வந்தால் மயிர்க்கால் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் பந்தக்காலில் இருப்பது தாங்கி நிற்கும் கால். வாய்க்காலிலும், ஆற்று மணலில் வெட்டிவிடும் ஊற்றுக்காலிலும் இருப்பது நீர் வரும் வழி. 'கால்தல்' என்ற பழைய வினைக்கு வெளியே உமிழ்தல் என்று பொருள். தாங்குவது, வழிவிடுவது, உள்ளிருந்து தள்ளுவது: மூன்றும் இந்த உறுப்பு செய்கிற வேலைகள். சொல்லை ஆக்கியவர்கள் இத்தனையும் எண்ணி ஆக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. பொருத்தம் தானாக அமைந்திருக்கிறது.

சொல் பழையதும்கூட. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர், அமுதத்தை "மயிர்க்கால் தோறும் தேக்கிடச் செய்தனன்" என்கிறார். தேக்க வேண்டுமானால் கொள்ளளவு வேண்டும். வெறும் துளையில் எதைத் தேக்குவது? நுண்ணோக்கி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே லத்தீனின் 'பை' இந்த ஒரு வினையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் சிலர் எழுதும் 'மயிர்த்துளை' எனக்கு ஒப்பவில்லை.

'மயிர்' வசைச்சொல் ஆகிவிட்டதே என்ற தயக்கம் புரிகிறது. 'முடி' என்பது முடிந்து வைப்பதிலிருந்தும், உச்சியிலிருந்தும் வந்த சொல். தலைக்குப் பொருந்தும், கைரோமத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கூச்சப்படுபவர்கள் 'முடிக்கால்' என்று எழுதட்டும். 'வேர்க்கால்' மட்டும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது அந்த உறுப்பின் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும்.

கருவின் மூன்றாம் மாதத்தில், புருவமும் மேலுதடும் அமையும் இடத்தில் முதலில், மேல்தோல் ஆங்காங்கே சற்றே தடிக்கிறது. அந்தத் தடிப்பும் அதன் அடியில் திரளும் அடித்தோல் செல்களும் வேதிச் சைகைகளைப் பரிமாறிக்கொள்கின்றன. மேல்தோல் கீழ்நோக்கி இறங்கி, அடியில் திரண்ட செல்களைத் தொப்பி போலக் கவிந்துகொள்கிறது. உள்ளே சிக்கிய அந்தத் திரள்தான் பாப்பில்லா. 'காம்பு' என்றே சொல்லலாம், லத்தீனிலும் முலைக்காம்பு என்பதே அதன் பொருள். முடியை வளர்க்க ஆணையிடுவது இந்தக் காம்பு. பிறப்பதற்குள் எல்லா மயிர்க்கால்களும் அமைந்துவிடும். அதன்பின் இயல்பாகப் புதியது வருவதில்லை. குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகும் என்பது அதனால்தான் பலிக்காது. கத்தி மேலே போகிறது. மயிர்க்கால் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

காம்புக்கும் அதோடு தொடர்ந்து மயிர்க்காலைச் சூழ்ந்திருக்கும் அடியுறைக்கும் எவ்வளவு அதிகாரம் என்பதை 1999-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். ஓர் ஆணின் தலையிலிருந்து மயிர்க்காலின் அடியுறைச் செல்களை எடுத்து ஒரு பெண்ணின் முன்கையில் பதித்தார்கள். அங்கே புதிதாக மயிர்க்கால்கள் உருவாகி முடி முளைத்தது.

அமைந்த மயிர்க்கால் சும்மா இருப்பதில்லை. தலையில் 2 முதல் 6 ஆண்டு வளர்பருவம். பிறகு இரண்டு மூன்று வாரம் கீழ்ப்பாதி சுருங்கி மேலேறும் ஒடுங்குபருவம். பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வு. ஓய்வின்போது முடியின் அடி தடித்துக் கதாயுதம் போல ஆகிறது. சீப்பில் பார்த்த வெள்ளை முடிச்சு அதுதான். பணி முடிந்த முடியின் அடையாளம். நாளுக்கு 50 முதல் 100 வரை இப்படிப் போவது வழக்கம்தான்.

'குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சிரிப்புக்கும் முடிக்கும் தொடர்பில்லை. நாள்கணக்கு மட்டும் சரி. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் வளர்பருவத்தை நீட்டிவைக்கின்றன. பேறு முடிந்ததும் அத்தனை முடியும் சேர்ந்து ஓய்வுக்குப் போகிறது. மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. குழந்தை சிரிக்கும் பருவமும் அதை ஒட்டியதே. பெரும்பாலும் எல்லாம் திரும்ப வளரும், ஏனென்றால் மயிர்க்கால் எங்கும் போகவில்லை.

மீண்டும் வளர்வதற்கான மூலதனம் எங்கே இருக்கிறது? மயிர்க்காலின் நடுப்பகுதியில் ஒரு புடைப்பு உண்டு. குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) அங்கே தங்குகின்றன என்று 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மயிர்க்கூச்செறியச் செய்யும் குட்டித் தசை வந்து பற்றுவதும் அதே புடைப்பில்தான். அந்தத் தசை நரம்பை இழுத்துக் குருத்தணுக்களின் பக்கத்திலேயே நிறுத்திவைக்கிறது. குளிர் நீடித்தால் நரம்பு அவற்றை எழுப்பிப் புது ரோமம் வளரவிடுகிறது என்று 2020-இல் எலிகளில் காட்டினார்கள். மேலோட்டமான தீக்காயத்தில் புதுத் தோல் பரவுவதும் பெரும்பாலும் தப்பிப் பிழைத்த மயிர்க்கால்களிலிருந்துதான். ஆழமாக வெந்து மயிர்க்கால் அழிந்தால், தழும்பு வழுவழுப்பாகவே நின்றுவிடும்.

எல்லா ஃபாலிக்கிளுக்கும் ஒரே தமிழ்ச்சொல் தேடுவது வீண் வேலை. 'நுண்ணறை' என்று பொதுவில் போடலாம்தான். ஆனால் நுரையீரலின் காற்றுநுண்ணறை ஏற்கெனவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. சினைப்பையில் இருப்பதைச் 'சூல் நுண்ணறை' என்று அடைகொடுத்து எழுதினால் குழப்பமில்லை. எருக்கங்காய்க்கு 'ஒருபுற வெடிகனி'. மயிர்க்கால் அழற்சி என்றால் சவரம் செய்த இடத்தில் கிளம்பும் சீழ்ப் பொட்டு என்று யாருக்கும் புரியும்.

பறவையின் இறகு முளைக்கும் ஃபாலிக்கிளுக்குத்தான் சொல் தேவைப்படுகிறது. கோழிக் குஞ்சின் கருவில் ஏழாம் நாள் வாக்கில், முதுகின் நடுக்கோட்டில் முதல் வரிசை இறகு முகிழ்கள் தோன்றும். பிறகு இரு பக்கமும் வரிசை வரிசையாகப் பரவும். ஒவ்வொரு முகிழும் பக்கத்தில் இன்னொன்று வராதபடி தடைச் சைகை அனுப்புவதால் இடைவெளி ஒரே சீராக, தேன்கூட்டு அறுகோணம் போல அமைகிறது. தூண்டுவதும் தடுப்பதுமான வேதிப்பொருள்கள் தாமாகவே கோலமிடும் என்று பிரிட்டன் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952-இல் கணக்குப் போட்டிருந்தார். முடி, இறகு, செதில் மூன்றும் ஒரே வகைத் தடிப்பிலிருந்து தொடங்குகின்றன என்பது 2016-இல் முதலை, ஓணான், பாம்புக் கருக்களை ஆராய்ந்த ஜெனீவா குழுவால் உறுதியானது. அப்படியானால் மயிர்க்காலுக்கு உடன்பிறப்பாக 'இறகுக்கால்' இருந்துவிட்டுப் போகட்டுமே.

பார்க்க ஆய்வகம் வேண்டாம். நாட்டுக்கோழியை இறகு பிடுங்கி, தீயில் வாட்டி, மஞ்சள் தடவிக் கிடத்தியிருக்கும்போது தோலை உற்றுப் பாருங்கள். நிரை நிரையாகப் புள்ளிகள், நடுநடுவே இறகே முளைக்காத வெறும் பட்டைகள். உயிருள்ள கோழியாக இருந்தால், பிடுங்கிய ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சில வாரத்தில் இறகு மறுபடி எட்டிப் பார்த்திருக்கும்.